செங்காந்தள்: கிழங்கின் போக்கறிந்து வளர்க்கும் முறை

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் என்பது பாடநூல் வழியாகப் பலருக்கும் தெரியும். அதை வீட்டுத் தோட்டத்திலேயே வளர்க்கலாம் என்பதும், ஒருமுறை நட்ட கிழங்கு முறையாகப் பேணப்பட்டால் ஆண்டுதோறும் தழைத்துப் பூக்கும் என்பதும் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. சங்கப் பாடல்கள் குறிஞ்சி நிலத்துக்கு உரியதாகப் பாடும் இப்பூ, மலைச்சரிவுகளிலும் குன்றுகளைச் சூழ்ந்த புதர்க்காடுகளிலும் இன்றும் தானாகவே வளர்கிறது. அங்கிருந்து இறங்கிச் சமவெளியின் வேலியோரங்களிலும், கடலோர மணற்பாங்கான நிலங்களிலும்கூடக் கொடியோடி நிற்கிறது. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும் என்பதால், கிழங்கு வாங்கப் போகிறவர் இப்பெயர்கள் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்பது நல்லது. நாற்றுப்பண்ணைகளில் குளோரியோசா என்றாலும் புரியும்.

இதை வளர்ப்பது கடினம் என்றொரு பேச்சு உண்டு. செடியின் மீது அவ்வளவு குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. செம்பருத்திக்கும் மல்லிகைக்கும் ஆண்டு முழுவதும் நீர் ஊற்றிப் பழகிய கை, செங்காந்தள் உறங்கும் மாதங்களிலும் ஊற்றிக்கொண்டே இருந்து கிழங்கை அழுகவைத்துவிடுகிறது. பெரும்பாலான தொட்டிகளில் இச்செடி மடிவதற்குக் காரணம் இவ்வளவுதான். ஆகவே உரத்தையும் மருந்தையும் பற்றிப் பேசுவதற்கு முன், மண்ணுக்குள் கிழங்கு ஓராண்டில் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கிழங்கின் ஓராண்டு

செங்காந்தள் கிழங்கு ஏர்க்கலப்பையைப் போல இரண்டு கரங்களாகப் பிரிந்து வளைந்திருக்கும். சில வேளை ஒரு கரம் நீண்டும் மற்றொன்று குட்டையாகவும் இருக்கும். ஒவ்வொரு கரத்தின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் இருக்கிறது. உருளைக்கிழங்கில் பல கண்கள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று முளைக்கும். இங்கே அந்த வசதி இல்லை. நுனி ஒடிந்த கரம் எவ்வளவு பருத்திருந்தாலும் பெரும்பாலும் முளைப்பதில்லை. கிழங்கை எடுப்பது, வைப்பது, அனுப்புவது, நடுவது ஆகிய எல்லாவற்றிலும் கடைப்பிடிக்க வேண்டிய கவனம் முழுவதும் இந்தச் சிறிய நுனியைக் காப்பதற்காகவே.

முதல் மழையோடு முளை மேலெழுந்து கொடியாகிறது. கொடி வளர வளரப் பழைய கிழங்கு தன்னிடம் சேர்த்து வைத்திருந்த உணவை இழந்து சுருங்குகிறது. அதே வேளையில் தண்டின் அடியில் புதுக் கிழங்குகள் உருவாகிக் கீழ்நோக்கி இறங்குகின்றன. பூத்துக் காய்த்த பின் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும்போது மண்ணில் எஞ்சியிருப்பது நாம் நட்ட கிழங்கன்று, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட புதிய கிழங்கு. அடுத்த ஆண்டுப் பூவின் அளவும் எண்ணிக்கையும், இந்த ஆண்டு இலைகள் எத்தனை நாள் பசுமையாக நின்று புதுக் கிழங்கை ஊட்டின என்பதைப் பொறுத்தவை. பூ உதிர்ந்ததும் அழகில்லை என்று கொடியை வெட்டிவிடுகிறவர்கள் மறு ஆண்டு வெறும் இலையைத்தான் பார்ப்பார்கள்.

நடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை

செங்காந்தள் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் மிகுந்திருக்கிறது. கௌட் எனப்படும் மூட்டுவாத நோய்க்கு மருந்தாகப் பயன்படுவதும் இதே பொருள்தான்; தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் போன்ற பகுதிகளில் இக்கொடியை விதைக்காகவே பயிரிட்டு ஏற்றுமதிக்கு அனுப்புகிறார்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள அளவு மிகக் குறுகியது என்பதால், எந்தக் கைவைத்தியத்துக்கும் இக்கிழங்கை வீட்டில் பயன்படுத்தக் கூடாது.

வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே காய்கறிப் பாத்திகளுக்கு அருகில், குறிப்பாக வள்ளிக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் வளரும் இடத்தில் இதை நடவேண்டாம். தோண்டிய கிழங்கைச் சமையலறையில் வைக்கவும் வேண்டாம். சிறு குழந்தைகளோ, கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டியோ, கட்டில்லாமல் மேயும் ஆடுமாடுகளோ இருக்கும் வீட்டில், எட்டாத இடம் கிடைக்காவிட்டால் வேறு பூச்செடியைத் தேர்ந்தெடுப்பதே முறை. கிழங்கைக் கையாளும்போது கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். யாரேனும் தின்றுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஏனெனில் அறிகுறிகள் தோன்றச் சில மணி நேரம் பிடிக்கும், அந்த நேரம்தான் மருத்துவர்களுக்குத் தேவைப்படும் நேரம். செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கிழங்கைத் தேர்ந்தெடுத்தல்

சித்திரை முதல் ஆனி வரை கிழங்கு உறக்கத்திலோ, விழிக்கும் நிலையிலோ இருக்கும். வாங்குவதற்கு அதுவே ஏற்ற காலம். விதைக்காகப் பயிரிடுவோர் 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளை நடுகிறார்கள், வீட்டுக்கும் அந்த அளவே போதும். அதைவிட மிகச் சிறியவை முதலாண்டில் கொடியோடு நின்றுவிட்டுப் பூவுக்கு அடுத்த ஆண்டு வரை காக்கவைக்கும். தொட்டால் கெட்டியாக இருப்பதும், மேல்தோலில் ஈரப்புள்ளியோ பூசணமோ இல்லாததும், எல்லாவற்றுக்கும் மேலாக நுனி முளைக்கண் முழுமையாக இருப்பதும் பார்க்கவேண்டியவை. அஞ்சலில் வரவழைப்பதானால், உலர்ந்த தென்னைநார்த் தூளிலோ மரத்தூளிலோ பொதித்து அனுப்பும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் உறையில் போட்டு அனுப்பிய கிழங்கு நுனி முறிந்துதான் வந்து சேரும்.

காட்டுக்குப் போய்த் தோண்டிக்கொண்டு வருவதைப் பற்றியும் சொல்லவேண்டும். காப்புக்காடுகளில் அனுமதியின்றிக் கிழங்கு எடுப்பது சட்டப்படி குற்றம். மருந்துச் சரக்குக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இக்கொடி அருகிவிட்டது. அதோடு, மலைச்சரிவில் கற்களுக்கிடையே ஆழமாக இறங்கியிருக்கும் கிழங்கை நுனி ஒடியாமல் எடுப்பது அரிது என்பதால், அப்படிக் கொண்டுவருவதில் பயனும் இல்லை.

இடமும் மண்ணும்

காட்டில் இக்கொடி ஒரு புதரின் அடியில் முளைத்து, புதரையே பற்றி ஏறி, உச்சியில் வெயிலைக் கண்டதும் பூக்கிறது. அடி குளிர்ச்சியாகவும் தலை வெளிச்சத்திலும் இருக்கவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் படும் இடம் தேவை. சமவெளியில், அதிலும் மொட்டைமாடியில் வைப்பவர்கள், பிற்பகல் வெயில் தொட்டியின் பக்கவாட்டில் நேராக அறையாதபடி வேறு தொட்டிகளை முன்னால் வரிசையாக வைத்துவிடலாம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயர்ந்த இடங்களில் அந்தக் கவலை இல்லை. அங்கே கிடைக்கும் வெயில் முழுவதையும் கொடுக்கலாம்.

நீர் தேங்காத செம்மண் மிகப் பொருத்தம். களிமண் நிலமானால் தரையைவிட ஓரடி உயர்த்தி மேட்டுப்பாத்தி அமைத்து, மணலும் மட்கிய இலைதழையும் கலந்து அதில் நடவேண்டும். தொட்டிக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழுவுரம் என்ற கலவை நன்றாக வேலை செய்கிறது. ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் சலித்த எம்-சாண்டின் பருமணலைச் சேர்க்கலாம். மாடித்தோட்டக் கலவை என்று விற்கப்படும் தென்னைநார்க் கழிவு மிகுந்த கலவையை அப்படியே பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை, கோடையில் வறண்டு கிடக்கவேண்டிய காலத்திலும் அது ஈரத்தை விடாமல் பிடித்துவைத்திருக்கும். புதுக் கிழங்குகள் கீழ்நோக்கி வளர்வதால் தொட்டி குறைந்தது 30 செ.மீ. ஆழமும் அதே அளவு அகலமும் கொண்டிருக்கவேண்டும்.

நடும் முறை

தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் வைகாசிக் கடைசியிலும், சமவெளியில் ஆனி, ஆடி மாதங்களிலும் நடலாம். வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பியிருக்கும் கரையோரங்களிலும், இலங்கையின் வடபகுதியிலும், கொடியின் காலமே சற்றுத் தள்ளி ஐப்பசி, கார்த்திகை மழையோடு பூப்பதால், நடுவதையும் அதற்கேற்பத் தள்ளிவைக்கலாம். எந்த மாதமானாலும், கிழங்கு விழித்துவிட்டதா என்று பாருங்கள்: நுனி வெண்மையாகப் பருத்துத் தெரிந்தால் இனித் தாமதிக்கக் கூடாது.

அழுகல் நோயைத் தவிர்க்க, ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் கார்பென்டசிம் என்னும் பூசணக்கொல்லியைக் கலந்து கிழங்கை அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி நடுவது வழக்கம். வேதிமருந்து வேண்டாம் என்போர் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தைத் தொழுவுரத்தோடு கலந்து குழியில் இடலாம். ஐந்து முதல் எட்டு செ.மீ. ஆழத்தில், கிழங்கைப் படுக்கைவாட்டில் கிடத்தி, முளைக்கண்ணின் மேல் கல்லோ கட்டியோ அழுத்தாதபடி பொடிமண்ணைத் தூவி மூடவேண்டும். மண்ணைக் கையால் அமுக்க வேண்டாம், நீர் ஊற்றினால் தானே படியும். தரையில் நடும்போது கிழங்குக்குக் கிழங்கு 45 செ.மீ. இடைவெளி விடலாம், 30 செ.மீ. தொட்டிக்கு ஒரு கிழங்கு, தாராளமாகப் பார்த்தால் இரண்டு.

பற்றுக்கோல்களையும் அன்றைக்கே ஊன்றிவிடவேண்டும். கொடி எழுந்த பிறகு மண்ணில் குச்சியைச் செருகினால், கண்ணுக்குத் தெரியாத கிழங்கை அது குத்திவிடக்கூடும்.

முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், சில கிழங்குகள் இன்னும் தாமதிக்கும். இந்தக் காலத்தில் மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். முளை வந்ததா என்று கிளறிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளவேண்டும். மண்ணுக்குச் சற்றுக் கீழே நிற்கும் முளையை விரலே ஒடித்துவிடும், ஒடிந்தால் அந்த ஆண்டு போயிற்று.

கொடியை ஏற்றுதல்

செங்காந்தளின் இலை நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. அடியிலுள்ள இலைகளில் இது இருக்காது. கொடி முழங்கால் உயரம் வந்த பிறகு தோன்றும் இலைகளே பிடிக்கத் தொடங்கும். அதுவரை தண்டை ஒரு மெல்லிய குச்சியோடு தளர்வாகக் கட்டிவைக்கவேண்டும். இந்தக் கம்பிகள் மெல்லியவை என்பதால் பருத்த மூங்கிலையோ இரும்புக் குழாயையோ சுற்றிப் பிடிக்க அவற்றால் முடியாது. சணல் கயிறு, மெல்லிய கம்பிவலை, கிளைகள் நிறைந்த காய்ந்த விளார் ஆகியவை ஏற்றவை. வயல்களில் கிளுவையை உயிர்வேலிபோல் வளர்த்து அதன்மேல் கொடியை ஏற்றுகிறார்கள். தோட்டத்தில் ஏற்கெனவே விராலி, மருதாணி போன்ற புதர் இருந்தால் அதன் அருகில் நட்டு, கொடியை அதன் போக்கில் விட்டுவிடுவது எல்லாவற்றிலும் அழகானது. காட்டில் காணும் தோற்றமும் அப்போதுதான் கிடைக்கும்.

ஒன்றைப் பற்றிக்கொண்ட கொடியைப் பிரித்து வேறு திசைக்குத் திருப்ப முயலவேண்டாம். தண்டு எளிதில் முறியும்.

நீரும் உரமும்

கொடி இலைவிட்டு வேகமாக ஏறும் காலத்தில் அதற்கு ஈரம் குறையக் கூடாது. தரையில் மழையில்லாத நாட்களில் மூன்று நாளுக்கு ஒருமுறையும், தொட்டியில் மேல்மண் விரற்கணு ஆழம் காய்ந்ததும் ஊற்றவேண்டும். அடியில் காய்ந்த இலைகளைப் பரப்பி மூடாக்கு இட்டால் வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். அடைமழை நாட்களில் தொட்டியைச் செங்கல்லின் மேல் தூக்கிவைத்து, கீழே வடிகால் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தட்டு வைத்து நீரைத் தேக்குவது இச்செடிக்கு ஆகாது.

உரத்தில் தாராளம் தேவையில்லை. நடும்போது கலந்த தொழுவுரத்தோடு ஒரு கைப்பிடி எலும்புத்தூள் சேர்த்திருந்தால், பிறகு மாதம் ஒருமுறை மண்புழு உரம் போதும். மொட்டு தெரியும்போது சாம்பல்சத்து மிகுந்த உரம் ஒன்றைச் சிறிதளவு கொடுத்தால் பூவுக்கும் கிழங்குக்கும் நல்லது. யூரியாவும் பச்சைச் சாணமும் வேண்டாம். முன்னது கொடியை மட்டும் நீட்டும், பின்னது அழுகலை அழைத்துவரும்.

பூக்கும் காலம்

நட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மேல் இலைகளின் அருகிலிருந்து தலைகுனிந்த மொட்டுகள் வரும். அலையலையாக ஓரம் நெளிந்த ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலெழ, பச்சையாகத் தொடங்கிய நிறம் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் இந்த எல்லா நிலைகளையும் ஒருங்கே காணலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு, அதனால் பூவைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவைப்பதை நான் விரும்புவேன். குவளையில் வைக்க வேண்டுமானால் பூக்காம்போடு மட்டும் கிள்ளி எடுக்கவேண்டும். தண்டையும் இலையையும் சேர்த்து வெட்டினால் கிழங்குக்குப் போகவேண்டிய உணவு குறையும்.

சூலகத்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப்பைகளிலிருந்து விலகி நிற்பதால், தேன்சிட்டோ வண்ணத்துப்பூச்சியோ வராத மாடிகளில் காய் பிடிப்பது குறைவு. விதை வேண்டுவோர், காலை வேளையில் ஒரு கொடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து மற்றொரு கொடியின் சூலகமுடியில் தடவலாம். வயல்களிலும் கூலியாட்களைக் கொண்டு இதையே கையால் செய்கிறார்கள். விதை வேண்டாதவர்கள் வாடிய பூக்களைக் கிள்ளிவிடுவது நல்லது. காய் முற்றிப் பிளந்ததும் தெரியும் செந்நிற விதைகள் குழந்தைகளின் கண்ணை எளிதில் ஈர்க்கும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

பூச்சியும் நோயும்

முதன்மையான எதிரி ஒரு புழு. கருநிற உடலில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளிகள் கொண்ட இது, லில்லி வகைச் செடிகளையே தேடிவந்து இலைகளைத் தின்னும். இளம்புழுக்கள் கூட்டமாக இருக்கும்போதே கண்டுகொண்டால் அந்த இலையைக் கிள்ளிச் சோப்பு நீரில் போட்டுவிடலாம். பெருகிவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு மூன்று மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மேகமூட்டமும் தூறலும் தொடரும் நாட்களில் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் பரவும் கருகல் நோய் வரும். பாதித்த இலைகளை அகற்றி, கொடிகளுக்கிடையே காற்று புகும்படி செய்து, இலைமேல் நீர் படாமல் அடியில் ஊற்றினால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். கொடி திடீரென்று அடியிலிருந்து வாடினால் கிழங்கு அழுகுகிறது என்று பொருள். அதை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

உறக்க காலம்

மார்கழி, தை மாதங்களில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். நோய் என்று எண்ணிக் கூடுதலாக உரமும் நீரும் கொடுப்பவர்கள் பலர். உண்மையில் அது நீரைக் குறைக்கச் சொல்லும் அடையாளம். பத்துப் பதினைந்து நாட்களில் நீரைப் படிப்படியாகக் குறைத்து, கொடி முழுவதும் காய்ந்ததும் அடியோடு நிறுத்திவிடவேண்டும். காய்ந்த கொடி தானே கழன்று வரும்வரை அதை இழுக்கக் கூடாது. பிறகு தொட்டியை மழையும் குழாய்நீரும் படாத நிழலில் சாய்த்து வைத்துவிட்டு, அதில் இன்ன கிழங்கு இருக்கிறது, நஞ்சு என்று எழுதி ஒட்டிவையுங்கள். வெறும் மண் என்று நினைத்து யாரேனும் அதில் வேறொன்றை நட்டுவிடுவது வீடுகளில் அடிக்கடி நடப்பது.

தரையில் நட்டவர்கள், நீர் தேங்காத மேட்டுநிலமானால் கிழங்கை அங்கேயே விட்டுவிடலாம். புல்தரைக்கு அருகில் தெளிப்பான் நீர் படும் இடமானால் தோண்டி எடுத்துத்தான் ஆகவேண்டும். தண்டு இருந்த இடத்திலிருந்து ஓரடி தள்ளிச் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, கையால் மண்ணை விலக்கிக்கொண்டே போய், இரு கரங்களின் நுனியும் தெரிந்த பிறகே தூக்கவேண்டும். எடுத்த கிழங்கைக் கழுவாமல் நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலில் புதைத்துவைக்கலாம்.

பெருக்குதல்

உறக்கம் கலைவதற்குச் சற்று முன்பு, இரு கரங்களும் சேரும் இடத்தில் கூரிய கத்தியால் வெட்டினால், நுனி முழுமையாக உள்ள ஒவ்வொரு கரமும் ஒரு செடியாகும். வெட்டிய பக்கத்தில் சாம்பலோ மஞ்சள்தூளோ தடவி, ஓரிரு நாள் உலரவிட்டு நடவேண்டும். வெட்டிய கத்தியை நன்றாகக் கழுவிவிடவும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு பிரித்து நடுவது தொட்டிக்குப் போதுமானது.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். புது விதை உடனே முளைப்பதில்லை. சில மாத உறக்கத்துக்குப் பின்னும் ஒன்றாக முளைக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும். முதலாண்டில் சிறு விரலளவு கிழங்குதான் உருவாகும், பூவைக் காண மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த இளம் கிழங்குகளுக்கும் பெரியவற்றைப் போலவே ஆண்டுதோறும் வறண்ட உறக்கம் தேவை.

குளிர் நாடுகளில் வாழும் தமிழர் பலர் கார்த்திகைப்பூவைத் தொட்டியில் வளர்க்க விரும்புகிறார்கள். அங்கே மார்ச் மாதத்தில் வீட்டுக்குள், 20 டிகிரி செல்சியஸ் அளவு கதகதப்புள்ள சன்னலோரத்தில் முளைக்கவைத்து, உறைபனி முற்றிலும் நீங்கிய பிறகே வெளியே வைக்கவேண்டும். பூ கோடையின் பிற்பகுதியில் வரும். இலையுதிர்காலத்தில் கொடி வாடியதும் நீரை நிறுத்தி, தொட்டியோடு 10 முதல் 15 டிகிரி வெப்பமுள்ள உலர்ந்த அறையில் வைத்துவிட்டால், மறு மார்ச் வரை அதைத் தொடவேண்டியதில்லை.